கிங்காங் தோற்ற ராத்திரி

தொண்ணூறுகளின் கடைசியில் புதுச்சேரியில் பள்ளிக்கூடம் போன பையன்களில் ட்ரம்ப் கார்டு ஆடாதவன் அநேகமாக இருக்க மாட்டான். முதலியார்பேட்டைப் பெட்டிக்கடைகளில் தேன்மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் அந்த அட்டைப் பெட்டி இருக்கும். உள்ளே டபிள்யூ டபிள்யூ எஃப் மல்லர்கள். ஒவ்வொரு கார்டிலும் உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், மோதிய போட்டிகள், வென்ற போட்டிகள். எடை கேட்டால் யோகோசூனா வைத்திருப்பவன் ஜெயிப்பான். உயரம் கேட்டால் ஜெயண்ட் கொன்சாலஸ். வாய்ப்பாடு தடுமாறிய எனக்கு இந்த எண்கள் எல்லாம் மனப்பாடம்.

ஒருநாள் திண்ணையில் ஆடிக்கொண்டிருந்தபோது தாத்தா யோகோசூனா கார்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இவனெல்லாம் ஒரு ஆளாடா? நீ கிங்காங்கைப் பார்த்ததில்ல" என்றார். கொரில்லாவைச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தாத்தா மில்லில் தறி ஓட்டியவர். பிரெஞ்சுக்காரன் போன பிறகு, கல்யாணத்துக்கு முன்னால், கூட வேலை பார்த்த இரண்டு பேரோடு திண்டிவனம் வழியாக பஸ் பிடித்து மெட்ராஸ் போயிருக்கிறார். கிங்காங்குக்கும் தாரா சிங்குக்கும் மல்யுத்தம். கிங்காங் ஏறியதும் மேடைப் பலகை முனகியதையும், அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து உறுமியதையும், பின்வரிசையில் ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிக் காட்டியதையும் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் கிங்காங்கின் எடை கொஞ்சம் கூடும்.

2000 ஏப்ரலில் ஹன்சி குரோனியே விவகாரம் வெடித்தது. அதுவரை எங்களுக்குத் தெரியாத ஒரு வார்த்தை ஊரெங்கும் புழங்க ஆரம்பித்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. புதிதாகக் கற்ற வார்த்தையை எங்காவது பிரயோகித்துப் பார்க்க வேண்டுமே! தாத்தா மறுபடி கிங்காங் கதையை ஆரம்பித்தபோது சொன்னேன்: "அதெல்லாம் ஃபிக்ஸிங் தாத்தா. யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க."

அவர் கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தெரியும்டா" என்றார்.

தோற்றவர் சமாளிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அந்தக் கதையைச் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கடனுக்கான ஒரு தவணை.

*

கிங்காங்கின் நிஜப்பெயர் எமில் சாயா. 1909இல், இன்று ருமேனியாவில் இருக்கும் பிரஷோவ் நகரத்தில் பிறந்த ஹங்கேரியர். அந்த ஊர் அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் கையில் இருந்தது. 1933இல் வந்த ஹாலிவுட் படத்தின் பெயரை ஒட்டவைத்துக்கொண்டு ஆசியாவைச் சுற்றியவர். எடை ஏறக்குறைய 200 கிலோ. தாத்தா கூட்டிச் சொன்னதாக நான் நினைத்த எடையைவிட நிஜம் ரொம்பக் குறைவில்லை.

தாரா சிங் 1928இல் அமிர்தசரஸ் பக்கம் தர்மூசக் கிராமத்தில் பிறந்தவர். 1947இல் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் போனார். இரும்பு டிரம் செய்யும் ஆலையில் வேலை, ஹர்னாம் சிங்கிடம் பயிற்சி. அன்றைய சிங்கப்பூரில் கிரேட் வேர்ல்ட், ஹேப்பி வேர்ல்ட் என்று கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. சினிமா, நாடகம், நடனம், சாப்பாட்டுக் கடை, கூடவே மல்யுத்த மேடை. சீனர், மலாய்க்காரர், பஞ்சாபி, தமிழர் என்று எல்லோரும் சாயங்காலமானால் கூடும் இடங்கள். தாரா சிங் உருவானது பஞ்சாப் அகாடாவின் மண்ணில் பாதி, இந்தப் பூங்காக்களின் விளக்கு வெளிச்சத்தில் பாதி.

இதை விளங்கிக்கொண்டால்தான் மேலே போக முடியும். அகாடா மல்யுத்தம் வேறு, இது வேறு. அகாடாவுக்கு ராஜாக்கள் சோறு போட்டார்கள். 1928இல் காமா பயில்வான் ஸ்பிஸ்கோவை ஒரு நிமிடத்துக்குள் சாய்த்தது பாட்டியாலா மகாராஜாவின் ஏற்பாட்டில்தான். ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்துக்குச் சோறு போட்டது டிக்கெட். டிக்கெட் விற்க எதிரிகள் வேண்டும், சவால்கள் வேண்டும், ஊர் ஊராகப் போக வேண்டும். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, சென்னை, கல்கத்தா, பம்பாய் என்று ஒரு சர்க்கஸ் கம்பெனியைப் போல அது நகர்ந்தது.

1954இல் தாரா சிங் ருஸ்தம்-இ-ஹிந்த். 1959இல் கல்கத்தாவில் கனடாவின் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் சாம்பியன். 1968 மே 29 அன்று பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸைத் தோற்கடித்து உலக சாம்பியன். சுமார் 500 மோதல்களில் ஒன்றில்கூடத் தோற்காதவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ட்ரம்ப் கார்டில் அவர் இருந்திருந்தால் மோதியது 500, வென்றது 500 என்று வந்திருக்கும். அந்த கார்டை வைத்திருப்பவனோடு யாரும் ஆட மாட்டார்கள்.

தமிழில் அவர் பெயர் பொதுப்பெயராகிவிட்டது. "பெரிய தாரா சிங்குன்னு நெனப்பா?" என்று கேட்காத தெருச்சண்டை உண்டா?

*

சரி, தாத்தாவின் "தெரியும்டா"வுக்கு என்ன அர்த்தம்?

எனக்கு அது புரிந்தது ஒரு பிரெஞ்சுக்காரரைப் படித்தபோது. பிரெஞ்சு மொழியில் இந்த மல்யுத்தத்துக்கு 'காட்ச்' என்று பெயர். 1952இல் ரோலான் பார்த் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1957இல் வந்த அவருடைய 'மித்தாலஜீஸ்' புத்தகத்தின் முதல் கட்டுரை அதுதான். தாத்தா மெட்ராஸுக்கு பஸ் ஏறிய அதே காலகட்டத்தில், பாரிஸின் மட்டமான அரங்குகளில் உட்கார்ந்து அவர் பார்த்திருக்கிறார். அவர் சொல்வது எளிமையானது. இது விளையாட்டே இல்லை, காட்சி. குத்துச்சண்டை பார்ப்பவன் யார் ஜெயிப்பான் என்று பந்தயம் கட்டுகிறான். இதைப் பார்ப்பவனுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. வலி வலியாகத் தெரிய வேண்டும், அயோக்கியன் அயோக்கியனாகத் தெரிய வேண்டும், கடைசியில் அவனுக்குக் கணக்குத் தீர்க்கப்பட வேண்டும். அவனுக்குத் தேவை நியாயம்.

இதைப் படித்தபோது எனக்கு பாரிஸ் ஞாபகம் வரவில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் நடக்கும் பாரதக் கூத்துதான் ஞாபகம் வந்தது. கடைசி நாள் படுகளம். மண்ணில் துரியோதனனைப் பெரிதாகச் செய்து படுக்கவைத்திருப்பார்கள். அவன் சாகப்போகிறான் என்று அங்கே கூடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் ராத்திரி முழுக்கக் கண்விழித்திருக்கிறார்கள். துரியோதனன் தோற்பது ஃபிக்ஸிங் என்று அங்கே போய்ச் சொன்னால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

தாத்தா இந்தக் கூத்துகளை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர். அவரிடம் போய் நான் முடிவு முன்கூட்டியே தீர்மானமானது என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறேன்.

*

இவ்வளவு பேர் நேசித்த ஒன்று எப்படிக் காணாமல் போனது? தொலைக்காட்சி வந்து அழித்தது என்று முதலில் நானும் நினைத்தேன். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் தலைகீழாக இருக்கிறது.

1955 நவம்பரில் கிங்காங், தாரா சிங், டைகர் ஜோகிந்தர் சிங் மூவரும் ஜப்பானில் இருந்தார்கள். அங்கே நடந்த ஆசிய சாம்பியன் போட்டியில் கிங்காங்கை வென்றவர் ரிகிடோசான். கொரியாவில் பிறந்து, சுமோ ஆடி, பிறகு மல்யுத்தத்துக்கு வந்தவர். ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1953இல் தொடங்கியது. வீட்டுக்கு வீடு பெட்டி கிடையாது. நிப்பான் டிவி தெருமுனைகளில் பெட்டிகளை வைத்தது. 1954 பிப்ரவரியில் ரிகிடோசான் கனடா மல்லர்களான ஷார்ப் சகோதரர்களோடு மோதியதை தெருவில் நின்று பெருங்கூட்டம் பார்த்தது. போரில் தோற்ற ஒரு நாடு, ஒன்பது வருஷம் கழித்து, வெள்ளைக்காரன் அடிவாங்குவதை மூச்சுவிடாமல் பார்த்தது. பெட்டியை விற்றது மல்யுத்தம், மல்யுத்தத்தை வளர்த்தது பெட்டி.

1963 டிசம்பரில் ஒரு கேளிக்கை விடுதியில் கத்திக்குத்துப்பட்டு ரிகிடோசான் இறந்துபோனார். ஆனால் அவருடைய நிறுவனம் இருந்தது, சீடர்கள் இருந்தார்கள். 1972இல் அதிலிருந்து பிரிந்து இனோகி ஒரு நிறுவனமும் பாபா ஒரு நிறுவனமும் தொடங்கினார்கள். தாய் நிறுவனம் அடுத்த வருஷம் மூடியது. பிள்ளைகள் இரண்டும் இன்றுவரை நடக்கின்றன.

நம் கதையைப் பாருங்கள். 1959இல் டெல்லியில் பரீட்சார்த்தமாகத் தொலைக்காட்சி தொடங்கியது. பம்பாய்க்கு வந்தது 1972இல், சென்னைக்கு 1975இல். தாரா சிங்கின் நல்ல காலம் முழுவதும் நாட்டின் பெரும்பகுதியில் பெட்டியே இல்லை. இருந்த ஒரே திரை சினிமாத் திரை. 1962இல் பாபுபாய் மிஸ்திரி இயக்கத்தில் ஒரு படம், நாயகன் தாரா சிங். படத்தின் பெயர் 'கிங்காங்'! எதிரியின் பெயரே போஸ்டரில் ஏறி வியாபாரமானது. அடுத்து 'ஃபவுலாத்', 'சாம்சன்' என்று வரிசையாகப் படங்கள். மும்தாஜோடு மட்டும் பதினைந்துக்கு மேல்.

ஜப்பானில் திரை மேடையைத் தேடி வந்தது. இங்கே மல்லன் மேடையை விட்டுத் திரையைத் தேடிப் போனான். அதற்காக தாரா சிங்கைக் குறைசொல்ல முடியாது. தினம் உடம்பைத் தரையில் அடித்துச் சம்பாதிப்பவன், ஒரு தடவை அடித்தால் ஆயிரம் ஊரில் தெரியும் என்றால் போகத்தான் செய்வான். ஆனால் அவர் போன இடத்தில் வேறு யாரும் வந்து நிற்கவில்லை.

என் தொழிலில் 'பஸ் ஃபேக்டர்' என்று ஒன்று சொல்வோம். ஒரு டீமில் எத்தனை பேரை பஸ் இடித்துவிட்டால் வேலை அப்படியே நின்றுபோகும் என்ற எண்ணிக்கை. அந்த எண் ஒன்று, இரண்டு என்று இருந்தால் ஆபத்து. தெற்காசிய ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தின் பஸ் ஃபேக்டர் இரண்டு. அந்த வார்த்தையை விளையாட்டாகப் பயன்படுத்தவும் முடியவில்லை. ஏனென்றால் கிங்காங் ஒரு கார் விபத்தில் காயப்பட்டு, 1970 மே மாதம் சிங்கப்பூரில் இறந்தார். தாரா சிங் 1983இல் டெல்லியில் விடைபெற்றார். நான்கு வருஷம் கழித்து தூர்தர்ஷன் 'ராமாயண'த்தில் அனுமாராக வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தெருக்கள் வெறிச்சோடின. அவருக்கான பெட்டி கடைசியில் வந்தேவிட்டது. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

*

நிறுவனம் இருந்தால் மட்டும் பிழைத்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் டெட் டர்னரின் டபிள்யூசிடபிள்யூ, தொண்ணூறுகளில் தொடர்ந்து 83 வாரம் டபிள்யூ டபிள்யூ எஃப்பைப் பார்வையாளர் எண்ணிக்கையில் தோற்கடித்த நிறுவனம். பிறகு கதைகள் குழம்பின, நஷ்டம் ஏறியது. 2001இல் ஏஓஎல்-டைம் வார்னர் இணைப்பு முடிந்ததும் புது மேலதிகாரிகள் மல்யுத்தமே வேண்டாம் என்று சேனல்களிலிருந்து தூக்கினார்கள். போட்டி நிறுவனமே அதை வாங்கியது. அந்த வருஷம் மார்ச் 26 அன்று கடைசி நிகழ்ச்சி. இரண்டு கம்பெனி இணைப்புகளை உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் அந்தக் கடைசி எபிசோடில் மல்லர்களின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். அடுத்த வாரம் அடையாள அட்டை வேலை செய்யுமா என்று தெரியாத முகம்.

ஆனால் அந்தச் சாவுக்குத் தேதி இருக்கிறது. வீடியோ நாடாக்கள் மொத்தமாக விற்கப்பட்டு, பத்திரமாக இருக்கின்றன. நம்முடையதற்கு ஒரு கடைசி நாள்கூடக் கிடையாது. ஊர்கள் ஒவ்வொன்றாக, போஸ்டர் ஒட்டுவது நின்றதோடு முடிந்தது.

2012இல் 'ரிங் கா கிங்' என்று அமெரிக்க நிறுவனமான டிஎன்ஏவின் துணையோடு ஒரு முயற்சி நடந்தது. புனேயில் படப்பிடிப்பு, கலர்ஸ் சேனலில் 26 எபிசோடுகள், ஒரே சீசன். ஏப்ரலில் முடிந்தது. ஜூலை 12 அன்று தாரா சிங் இறந்தார். செய்தித்தாளில் பெரும்பாலும் அனுமார் வேஷப் படம்தான் போட்டிருந்தார்கள்.

*

தாத்தா போன பிறகு, அவரோடு மெட்ராஸ் போன இருவரில் ஒருவரை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். எண்பது தாண்டியவர், காது மந்தம். கிங்காங் என்று உரக்கச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு ஆட்டம் முடிந்து கடைசி பஸ்ஸை விட்டுவிட்டார்களாம். பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக் கிடந்துவிட்டு, மறுநாள் மில் சங்கு ஊதி வெகுநேரம் கழித்துத்தான் ஊர் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

"அரை நாள் கூலி போச்சு தம்பி" என்றார். "உங்க தாத்தா என்ன சொன்னான் தெரியுமா? போனா போவுது, அவ்ளோ பெரிய வெள்ளைக்காரன் கீழ விழுந்தான்ல, அதுக்கு அரை நாள் குடுக்கலாம்னான்."