மாணவர் நடத்தும் மனித உரிமை இதழ்: மதிப்பிடும் அளவுகோல் எது?

அமெரிக்கச் சட்ட ஆய்விதழ்களில் பெரும்பாலானவற்றை நடத்துவோர் மாணவர்கள். 1887இல் தொடங்கிய ஹார்வர்டு லா ரிவியூ வலுப்படுத்திய வழக்கம் இது. பேராசிரியர் அனுப்பும் கட்டுரையை ஏற்பதா, திருப்புவதா என்பதைச் சட்டக் கல்லூரி மாணவரே முடிவு செய்கிறார். துறை வல்லுநர் மதிப்பீடு செய்யாத ஆய்விதழுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி நெடுநாளாக உண்டு. யேல் பேராசிரியர் ஃபிரெட் ரோடெல் 1936இலேயே சட்ட இதழ்களின் நடையையும் உள்ளடக்கத்தையும் கடுமையாகச் சாடினார். அவர் சுட்டிய குறைகள் இன்றும் நீங்கவில்லை. ஆயினும் மனித உரிமை இதழ் ஒன்றை அந்தக் குறைகளை மட்டும் வைத்து எடைபோட முடியாது. அந்த இதழ் யாரைத் தன் வாசகராகக் கொள்கிறது என்பதே முதல் கேள்வி. 1967இல் தொடங்கிய கொலம்பியா ஹியூமன் ரைட்ஸ் லா ரிவியூவின் இரண்டு வெளியீடுகளைக் கொண்டு இதை விளக்கலாம்.

முதலாவது, சிறைவாசிகளுக்கான சட்டக் கையேடு. சக கைதிகளுக்கு மனு எழுதித் தருவோரை, மாற்று உதவி ஏதும் தராத சிறை நிர்வாகம் தடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969இல் ஜான்சன் எதிர் ஏவரி வழக்கில் தீர்ப்பளித்தது. போதிய சட்ட நூலகமோ சட்டம் அறிந்தோர் உதவியோ கைதிக்குக் கிடைக்க வேண்டும் என்றது 1977ஆம் ஆண்டின் பவுண்ட்ஸ் எதிர் ஸ்மித் தீர்ப்பு. நூலகம் இருந்தாலும் வழக்கறிஞர் இல்லாதவர் எந்த நூலை எடுத்துப் புரட்டுவார்? 1978இல் கொலம்பியா மாணவர்கள் முதன்முதலாக வெளியிட்ட 'எ ஜெயில்ஹவுஸ் லாயர்ஸ் மேனுவல்' இதற்கு விடையாக அமைந்தது. அதன் புதிய பதிப்புகள் இன்றும் வருகின்றன.

இத்தகைய நூலில் பழைய தகவல் ஒன்று தங்கிவிட்டால் என்ன ஆகும்? மாநிலச் சிறையில் இருப்பவர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்ய 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டுக் கெடு விதித்தது. தீர்ப்பு இறுதியான நாளிலிருந்தே பொதுவாக அந்தக் கெடு ஓடத் தொடங்கும். அதே ஆண்டில் வந்த மற்றொரு சட்டப்படி, சிறைக்குள் உள்ள முறையீட்டு வழிகளை முடிக்காத கைதி சிறை நிலைமை குறித்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர இயலாது. 1996க்கு முந்தைய கையேட்டை நம்பி 1998இல் மனு எழுதியவர், வழக்கின் நியாயம் பேசப்படும் முன்பே வாசலில் நிறுத்தப்பட்டிருப்பார். ஆண்டுதோறும் ஆசிரியர் குழு மாறுவது மாணவர் இதழ்களின் பலவீனம் என்பார்கள். தொடர்ச்சியைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் ஒவ்வோர் அடிக்குறிப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது இவ்விதழ்களில் மாணவருக்குக் கிடைக்கும் முதல் வேலை. முந்தையவர் எழுதியதைப் புதியவர் சும்மா நம்பிவிடக் கூடாது என்ற அந்தப் பழக்கம், கெடு தேதிகளால் ஆன இந்த நூலுக்கு மிகவும் பொருந்துகிறது.

இரண்டாவது, 2012இல் முழு இதழையும் நிரப்பி வந்த 'லோஸ் டோகாயோஸ் கார்லோஸ்' என்ற ஆய்வு. டெக்சாஸின் கார்பஸ் கிறிஸ்டி நகரில் 1983 பிப்ரவரியில் பெட்ரோல் நிலைய ஊழியர் வாண்டா லோபஸ் குத்திக் கொல்லப்பட்டார். அருகே ஒரு வண்டிக்கு அடியில் ஒளிந்திருந்த கார்லோஸ் டெலூனா பிடிபட்டார். கொலை நடந்த இடம் ரத்தக்களரியாகக் கிடந்தது. அவர்மீதோ ரத்தக் கறை காணப்படவில்லை. கொன்றவர் கார்லோஸ் ஹெர்னாண்டஸ் என்று அவர் சொன்னதை, இல்லாத ஆளைக் காட்டுகிறார் என்று அரசுத் தரப்பு தள்ளியது. 1989 டிசம்பரில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஹெர்னாண்டஸ் அதே நகரில் வாழ்ந்தவர், கத்தியால் செய்த குற்றங்களுக்காகக் காவல்துறைக்கு நன்கு அறிமுகமானவர் என்பதைப் கொலம்பியா பேராசிரியர் ஜேம்ஸ் லீப்மனும் அவருடைய மாணவர்களும் ஆவணங்களோடு நிறுவினர்.

சிகாகோ டிரிபியூன் 2006இலேயே இவ்வழக்கை ஆராய்ந்து எழுதியிருந்ததால், கண்டுபிடிப்பின் பெருமை முழுதும் இதழைச் சேராது. நானூறு பக்கங்களுக்கு மேல் நீண்ட ஆய்வுக்கு ஓர் இதழையே ஒதுக்கிய துணிவு அதனுடையது. குற்றமற்ற ஒருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது என்று ஐயமறக் காட்டும் வழக்கு ஒன்றுகூட இல்லை என உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்கேலியா 2006இல் ஒரு தீர்ப்பில் எழுதியிருந்த சூழலில், பக்க வரம்பு பேசும் இதழ் எதுவும் இந்த ஆய்வைத் தாங்கியிருக்காது என்றே கருதுகிறேன்.

ஆய்விதழ்களைத் தரம்பிரிக்கும் குழுக்கள் மேற்கோள்களின் எண்ணிக்கையைப் பார்க்கின்றன. சிறைக்குள் இருந்து மனு எழுதுபவர் எந்த மேற்கோள் பட்டியலிலும் வரமாட்டார். மனித உரிமை இதழ்களை மதிப்பிடும்போது அவரையும் ஒரு வாசகராக அக்குழுக்கள் எண்ண வேண்டும்.