யாருடைய மனு? கொழும்புக் கடையிலிருந்து கிரீன் கார்டு வரை

திசையன்விளைப் பக்கம் மென்பொருள் வேலையில் இருக்கும் எவனிடமும் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்து சேரும். "மாப்பிள்ள அமெரிக்காவுல சிட்டிசன். புள்ளைக்கு கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டிருக்காரு. இப்ப ரெண்டு பேருக்கும் ஒத்து வரல, பிரிஞ்சு இருக்காங்க. அவரு மனுவ வாபஸ் வாங்கிட்டா இவ கதி என்ன?" நான் வக்கீல் இல்லை. பழைய சட்டங்களைப் புரட்டுகிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். புரட்டிப் பார்த்தால் இதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது. அதில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு.

முதலில் கொழும்பு

நம்ம பக்கத்து ஆட்கள் தூத்துக்குடியில் கப்பலேறி, இல்லையென்றால் தனுஷ்கோடி வழியாகப் போய், கொழும்பில் கடை வைத்த காலம் ஒன்று இருந்தது. ஆம்பளை கடையில், பொண்டாட்டி பிள்ளைகள் ஊரில். வருஷத்துக்கு ஒருமுறையோ ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறையோ வருவார். யாரும் அதைப் பிரிவு என்று சொன்னதில்லை.

இலங்கை சுதந்திரம் அடைந்த பிறகு, 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினருக்கான குடியுரிமைச் சட்டம் வந்தது. மனுப்போட இரண்டு வருஷ அவகாசம். 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். திருமணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு வருஷம் தொடர்ந்து இலங்கையில் இருந்திருக்க வேண்டும். திருமணமாகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவர் என்றால் பத்து வருஷம். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் கணக்கு அறுந்துவிடும்.

இதில் இன்னொரு நிபந்தனை உண்டு. மனுப்போடுகிறவர் கல்யாணமான ஆண் என்றால், அவர் மனைவியும் இலங்கையில் தொடர்ந்து வசித்தவராக இருக்க வேண்டும். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: நீதிமன்ற ஆணைப்படியோ முறையாக எழுதிய பிரிவுப் பத்திரப்படியோ மனைவியைப் பிரிந்து வாழ்பவர்.

யோசித்துப் பாருங்கள். மனைவியை ஊரில் விட்டுவிட்டு மாதாமாதம் பணம் அனுப்பியவருக்கு அந்த மனைவியே மனுவின் குறையாகிவிட்டார். சட்டப்படி பிரிந்தவருக்கு அந்தக் குறை இல்லை. அப்படியானால் நம்ம ஊர் வழக்கப்படி பெரியவர்கள் முன்னால் பேசி "அத்துவிட்டாச்சு" என்று முடித்தவர்? அது கோர்ட்டு ஆணையும் இல்லை, பத்திரமும் இல்லை. சட்டத்தின் வாசகத்தை வைத்துப் பார்த்தால், காகிதத்தில் அவர்கள் இன்னும் புருஷன் பொண்டாட்டிதான். வாழ்க்கையில் நடப்பது ஒன்று, கோப்பில் இருப்பது இன்னொன்று. இந்த இடைவெளியைத்தான் இன்றைக்கும் பார்க்கிறோம்.

அமெரிக்காவில் கணவன் வழி வந்த உரிமை

எங்கள் தொழிலில் "கேஸ்கேட் டெலீட்" என்று ஒன்று சொல்வோம். தரவுத்தளத்தில் தலைமை வரிசையை அழித்தால், அதைச் சார்ந்த வரிசைகள் எல்லாம் தானாகவே அழிந்துபோகும். மனைவியின் உரிமையை அமெரிக்கச் சட்டம் பல காலம் இப்படித்தான் வைத்திருந்தது.

1907 சட்டப்படி, வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையே இழந்தாள். 1922இல் அதைத் திருத்தினார்கள். ஆனால் "குடியுரிமைக்குத் தகுதியற்ற" அந்நியரை மணந்தவளுக்கு அந்தத் திருத்தம் உதவவில்லை. அடுத்த வருஷமே பகத் சிங் திண்ட் (நம்ம பகத் சிங் இல்லை, வேறு ஆள்) வழக்கில் இந்தியர்கள் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1924இல் தாரக்நாத் தாஸை மணந்த அமெரிக்கப் பெண் மேரி தாஸின் குடியுரிமை இதனால்தான் சிக்கலுக்குள்ளானது. அந்த விதி 1931 வரை நின்றது.

1965க்குப் பிறகு இந்தியர்களுக்குக் கதவு திறந்தது. 1986இல் போலித் திருமணத்தைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகாதவருக்கு நிபந்தனையோடு இரண்டு வருஷக் கிரீன் கார்டு. அது முடியும்போது இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். இடையில் பிரிந்துவிட்டால்? நிஜமான கல்யாணம்தான் என்று காட்டி விலக்கு கேட்கலாம். ஆனால் விவாகரத்தை வெளிநாட்டுத் துணைதான், அதுவும் தக்க காரணத்தோடு, கேட்டிருக்க வேண்டும். கணவன் முந்திக்கொண்டு வாங்கிவிட்டால் மனைவிக்கு அந்த வழி அடைபட்டது.

1990இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, கொடுமைக்கு ஆளானவர்களுக்குத் தனி விலக்கும் சேர்த்தார்கள். 1994இல் இன்னும் ஒரு படி: அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ கொடுமைப்படுத்தினால், அவர் கையெழுத்தே இல்லாமல் பாதிக்கப்பட்டவர் தானே மனுப்போடலாம். கோப்பில் மனைவிக்கென்று தனி வரிசை அப்போதுதான் கிடைத்தது.

இன்றைக்கு யார் எதை வாபஸ் வாங்கலாம்?

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். "மனு" என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அதில் மூன்று காகிதங்கள் இருக்கின்றன.

ஐ-130 கணவருடையது. "இவர் என் மனைவி" என்று அவர் சொல்லும் மனு. மனைவிக்குக் கிரீன் கார்டு கிடைக்கும் வரை, கையெழுத்திட்ட ஒரு கடிதத்தால் அவர் இதை வாபஸ் வாங்கலாம். ஏற்கெனவே அனுமதி ஆகியிருந்தாலும் ரத்தாகும். பிறகு ராசியானால் புதிதாகக் கட்டணம் கட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐ-485 மனைவியுடையது. அவர் கையெழுத்து இல்லாமல் அதை வேறு யாரும் வாபஸ் வாங்க முடியாது. ஆனால் ஐ-130 போய்விட்டால் அது நிற்க அடித்தளம் இருக்காது, நிராகரித்துவிடுவார்கள்.

ஐ-864 பராமரிப்பு உறுதிமொழி. முடிவு வருமுன் திரும்பப் பெறலாம். கிரீன் கார்டு வந்துவிட்டால் விவாகரத்துகூட அந்தப் பொறுப்பை நீக்காது. பல ஆண்களுக்கு இது தெரிவதில்லை. அதேபோல, கார்டு கைக்கு வந்த பிறகு கணவர் எழுதும் வாபஸ் கடிதத்துக்கு வேலை இல்லை. இது பல பெண்களுக்குத் தெரிவதில்லை.

சும்மா பிரிந்திருப்பதே மனுவைக் கொல்லாது. திருமணம் நிலைக்குமா என்று ஜோசியம் சொல்வது குடிவரவு அதிகாரியின் வேலை இல்லை என்ற போக்கில் 1978இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தொடக்கத்தில் நிஜமான திருமணமாக இருந்து, சட்டப்படி முறிக்கப்படாமலும் இருந்தால், தனித்தனியே வாழ்வது மட்டும் காரணமாகாது என்று 1980இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியமும் சொன்னது. ஆனால் விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டால், யாரும் கடிதம் எழுதாமலே ஐ-130 தானாக விழும்.

வாபஸ் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். "பிரிந்துவிட்டோம், மனுவைத் திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதினால் போதும். கோபத்தில் "இது கல்யாணமே இல்ல, விசாவுக்காகப் பண்ணினது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. போலித் திருமணம் என்று அதிகாரிகள் முடிவு செய்துவிட்டால், அந்தப் பெண்ணுக்காகப் பின்னால் யார் மனுப்போட்டாலும் அனுமதி கிடையாது. அது பொய்யாக இருந்தால் எழுதியவருக்கும் ஆபத்து. ஒரு வரி, ஒரு ஆயுள்.

ஹெச்1பி குடும்பங்களின் நிலை வேறு. அங்கே கிரீன் கார்டு மனு கம்பெனியுடையது. மனைவி சார்ந்து வருகிறவர். விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்றே அவருடைய ஹெச்4 அடிப்படை போய்விடும். பழைய கேஸ்கேட் டெலீட் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. கொடுமைக்கு ஆளான ஹெச்4 மனைவிக்கு வேலை அனுமதி தர 2005 சட்டம் வழி செய்தது. ஆனால் அது வேலைக்கான அனுமதி மட்டுமே, குடியிருப்பு உரிமை கிடையாது.

ஆகவே தேதிதான் முக்கியம். இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மதத்தோடு பிரிய, ஒரு வருஷம் தனியாக வாழ்ந்திருக்க வேண்டும். மனுப்போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தக்க வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த மாதங்களில் அமெரிக்கக் கோப்பு உயிரோடுதான் இருக்கும். ஊரில் பெரியவர்கள் பேசி முடித்த தேதியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தீர்ப்பின் தேதிதான் கணக்கு. அதனால் குடும்பநல நீதிமன்றத்தில் மனுப்போடும் முன்பே, அமெரிக்காவில் ஒரு குடிவரவு வக்கீலைப் பெண் வீட்டார் தனியாகப் பார்த்துவிடுங்கள். மாப்பிள்ளையின் வக்கீல் போதாது.