கம்ப்யூட்டரை எதை நம்பி வாங்குவது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தந்துவந்த வழக்கமான பராமரிப்பு முடிந்துபோனது. அதற்குப் பிறகு என் வயதுக்காரர்கள் பலரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "வீட்டுக்குப் புதுசா கம்ப்யூட்டர் வாங்கணும். எந்த ஓ.எஸ். நம்பகமானது?" கேட்பவர்கள் எல்லாரும் பென்ஷன்காரர்கள். கம்ப்யூட்டரில் பட்டா, பத்திர நகல், பேரப்பிள்ளைகளின் படம், வருமான வரிக் கணக்கு என்று என்னென்னவோ வைத்திருப்பவர்கள். நாற்பது ஐம்பதாயிரம் ரூபாய் போட்டு ஒரு பொருள் வாங்கும்போது இந்தக் கவலை நியாயமானதுதான்.

எங்கள் வீட்டிலும் இதே பேச்சு எழுந்தது. பதில் தேடியபோது கொஞ்சம் பழைய கதையைப் புரட்டிப் பார்த்தேன். ஓ.எஸ். எனப்படும் இயங்குதளங்களின் கதை நம் மாவட்டங்களின் கதையோடு ஒட்டியே ஓடியிருக்கிறது. அதனால் நம் ஊர்க் கணக்கை வைத்தே சொல்கிறேன், நினைவில் நிற்கும்.

விண்டோஸ் 95 வெளிவந்தது 1995 ஆகஸ்ட் 24. அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் ஒருங்கிணைந்த திருச்சி மாவட்டத்திலிருந்து கரூரும் பெரம்பலூரும் பிரிந்தன. பெரம்பலூரில் கலெக்டர் ஆபீசுக்கு இடம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டில் கம்ப்யூட்டர் என்ற பேச்சே கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டி.டி.பி. சென்டர் இருந்தால் அதுவே பெரிய விஷயம்.

விண்டோஸ் 95, 98 இரண்டும் அடியில் பழைய டாஸ் என்ற அஸ்திவாரத்தின் மேல் கட்டியவை. மேலே மாடி புதிது, கீழே சுவர் பழையது. ஒரு நிரல் தவறு செய்தால் அது மற்ற நிரல்களின் நினைவகத்தையும் கெடுத்து முழு இயந்திரத்தையும் கவிழ்த்துவிட முடியும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் வாங்கிய கடனுக்கு எல்லார் பங்கும் ஏலம் போவதுபோல. 1998 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் சிகாகோ கண்காட்சியில் விண்டோஸ் 98-ஐ பில் கேட்ஸ் அறிமுகம் செய்தபோது, ஸ்கேனரின் கம்பியைச் சொருகியதும் மேடையிலேயே நீலத்திரை வந்து நின்றது. அந்தக் காட்சியை உலகமே பார்த்தது.

அதைவிட வேடிக்கையான குறை ஒன்று உண்டு. இந்த இரண்டு விண்டோஸும் நேரத்தை மில்லி விநாடிக் கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கும். அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32 பிட். ஏறத்தாழ 429 கோடி வரை போனதும் இடம் தீர்ந்துவிடும். நாள் கணக்கில் 49.7. அதாவது தொடர்ந்து ஐம்பது நாள் ஓடவிட்டால் கம்ப்யூட்டர் நின்றுபோகலாம். இந்தக் குறை வெளியே தெரியவே பல ஆண்டுகள் ஆயின. காரணம், அதற்கு முன்பே வேறு ஏதோ காரணத்தால் அது நின்றுவிடும்! நம் பக்கத்திலோ அந்தப் பயமே தேவைப்படவில்லை. ஐம்பது நாள் தொடர்ந்து கரண்டு இருந்தால்தானே?

அரியலூர் 2001 ஜனவரி 1-ஆம் தேதி தனி மாவட்டம் ஆனது. அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. அடுத்த ஆண்டே அரியலூரை மறுபடி பெரம்பலூரோடு இணைத்துவிட்டார்கள். எக்ஸ்பிக்கு அப்படி நேரவில்லை. 2014 ஏப்ரல் 8 வரை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பராமரிப்போடு நிலைத்து நின்றது. நம் ஊர் வீடுகளுக்குள் கம்ப்யூட்டர் வந்ததே எக்ஸ்பியோடுதான் என்று சொல்லலாம். அந்தப் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் யாருக்கு மறக்கும்?

எக்ஸ்பி ஏன் உறுதியாக நின்றது? அதன் அஸ்திவாரம் டாஸ் அல்ல. அலுவலக உபயோகத்துக்காக 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி.யின் அஸ்திவாரம். ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி அறை, நடுவில் சுவர். ஒன்று விழுந்தால் மற்றது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

நம் பக்கத்துக்கு அதைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருந்தது. பழைய விண்டோஸில் கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் கணக்கு பாதியில் நின்றுவிடும். மறுபடி போட்டால் நீலத்திரையில் ஸ்கேன்டிஸ்க் ஊர்ந்து ஊர்ந்து போகும். எதிரே உட்கார்ந்து சாமி கும்பிட வேண்டியதுதான். எக்ஸ்பியில் என்.டி.எஃப்.எஸ். என்ற முறை வந்தது. அது நம் மண்டிக் கணக்குப்பிள்ளை செய்வதைத்தான் செய்கிறது. என்ன மாற்றம் செய்யப்போகிறோம் என்பதை முதலில் சிட்டையில் குறித்துக்கொள்ளும். பிறகு பேரேட்டில் ஏற்றும். நடுவில் கரண்டு போனால், அடுத்த முறை சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துவிடும். லினக்ஸிலும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே முறை பரவலானது. நாம் சேமிக்காமல் விட்ட கடிதத்தை இது காப்பாற்றாது. ஆனால் மொத்தப் பீரோவும் கவிழாமல் பார்த்துக்கொள்ளும். 2012-ஐ ஒட்டி சென்னைக்கு வெளியே பகலும் இரவும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். யூ.பி.எஸ். பேட்டரி சார்ஜ் ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். அந்தக் காலத்தை நம் கம்ப்யூட்டர்கள் தாண்டி வந்ததில் இந்தச் சிட்டைக்குப் பெரிய பங்கு உண்டு.

2007-ஆம் ஆண்டையும் சொல்ல வேண்டும். ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தது. பழைய இயந்திரங்களில் நகரவில்லை என்று உலகெங்கும் முணுமுணுப்பு. நவம்பர் 23-ஆம் தேதி அரியலூர் மறுபடி தனி மாவட்டம் ஆனது. அதே ஆண்டில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து பாஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிட்டது. தமிழக அரசின் எல்காட் நிறுவனமும் அந்த நாட்களில், உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். பிள்ளைகள் பெரும்பாலும் விண்டோஸைத்தான் திறந்தார்கள். எக்ஸ்பியின் காலம் 2014-இல் முடியப்போன சமயம், பாஸ் லினக்ஸைப் பயன்படுத்துங்கள் என்று துறைகளுக்குத் தமிழக அரசு சொன்னதும் நடந்தது.

இனி நம் கேள்விக்கு வருவோம். கம்ப்யூட்டர் நின்றுபோனால் நாம் எல்லாரும் முதலில் குறை சொல்வது ஓ.எஸ்.ஸைத்தான். பல நேரம் அது பாவம். நீலத்திரைக்குப் பெரிய காரணம் 'டிரைவர்'கள். பிரிண்டர், திரை அட்டை போன்றவற்றை இயக்க அந்தந்தக் கம்பெனிக்காரர் எழுதித் தரும் சிறு நிரல்களுக்கு அப்படிப் பெயர். வண்டி நல்ல வண்டியாக இருந்தும் டிரைவர் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்று அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்தது தூசி. சிமெண்ட் ஆலைகளும் சுரங்கங்களும் சூழ்ந்த ஊர் நமது. சி.பி.யூ. மின்விசிறியில் மாவுபோலப் படிந்து, சூடு ஏறி, இயந்திரம் தானே அணைந்துவிடும். நாம் ஓ.எஸ். போச்சு என்போம். மூடியைத் திறந்து ஊதினாலே பாதி வியாதி தீர்ந்துவிடும்.

அப்படியானால் ஓ.எஸ். நம்பகமானதா? இந்த நாளிலும் முழு உத்தரவாதம் கிடையாது. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத்திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். திருடனைத் தடுக்க வைத்த காவல்காரரே வாசலைப் பூட்டிக்கொண்டு சாவியைத் தொலைத்த கதை.

இந்த இடத்தில் எனக்கு வேறொரு நவம்பர் 23 நினைவுக்கு வருகிறது. 1956-ஆம் ஆண்டு அதே தேதியில்தான் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில், வெள்ளம் அரித்துப்போன இடத்தில், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த துயரம் அது. ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். சில மாதங்கள் முன்பு மெஹபூப்நகர் விபத்தின்போது அவர் தந்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை. இந்த முறை ஏற்றார்.

உயிரையும் கோப்பையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. நான் சொல்ல வருவது பொறுப்பைப் பற்றி மட்டும். கம்ப்யூட்டர் வாங்கியதும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோமே, அந்த நீண்ட ஒப்பந்தத்தை யாராவது படித்தோமா? உங்கள் கோப்புகள் அழிந்தால் அதற்கு நாங்கள் ஈடு தரமாட்டோம் என்பதுதான் அதன் சாரம். காசு கொடுத்து வாங்கும் விண்டோஸிலும் அப்படித்தான். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸின் உரிமத்திலும் உத்தரவாதம் எதுவும் இல்லை என்றே எழுதியிருக்கிறது. ஆக, உங்கள் மகள் கல்யாணப் படம் போனால் பதவி விலக எங்கும் ஒரு சாஸ்திரி இல்லை. பொறுப்பு நம்முடையது.

அந்தப் பொறுப்பை எப்படி எடுப்பது என்று நம் விவசாயிகளுக்கு ஏற்கெனவே தெரியும். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பார்கள். விதை வெங்காயம் முழுவதையும் ஒரே பட்டறையில் வைத்துவிட்டு, அது அழுகினால் அடுத்த போகத்துக்கு வழியில்லை. கோப்புக்கும் அதே விதி. ஒரே ஹார்டுடிஸ்கில் எல்லாவற்றையும் வைப்பவர் எந்த ஓ.எஸ். வைத்திருந்தாலும் ஆபத்தில்தான் இருக்கிறார்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இருபது ஆண்டுக்கு முன் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்கள், புது இயந்திரத்தில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் குப்பை குப்பையாகத் தெரியும். கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாது. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. யூனிகோடில் உள்ளது எந்த ஓ.எஸ்.ஸிலும் தமிழாகவே தெரியும். பழைய கோப்புகளைப் பழைய இயந்திரம் உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் என்ன முடிவானது என்று கேட்பீர்கள். "தாத்தா, நம்ம பழசுல விண்டோஸ் 11 ஏறாது" என்று பேத்தி சொல்லிவிட்டாள். அது 2016-இல் வாங்கியது. விண்டோஸ் 11 கேட்கும் புதிய பிராசசர் அதில் இல்லை. அவள் கல்லூரிப் பாடத்துக்கான மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்பதால் விண்டோஸ் 11 போட்ட புதிய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினோம். பழையதைத் தூக்கிப் போடவில்லை. தூசி தட்டி, லினக்ஸ் போட்டு, என் மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கடிதம் எழுத, படம் பார்க்க, பென்ஷன் விவரம் பார்க்க எனக்கு அது போதும். பராமரிப்பு அப்டேட்டும் தவறாமல் வருகிறது.

கூடவே இரண்டு வெளி ஹார்டுடிஸ்க் வாங்கினோம். எல்லாக் கோப்பும் இரண்டிலும் இருக்கிறது. ஒன்று பெரம்பலூரில் எங்கள் பீரோவில். மற்றொன்று அரியலூரில் மைத்துனர் வீட்டில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விருந்துக்குப் போகும்போது மாற்றிக்கொள்கிறோம். இரண்டு மாவட்டத்தையும் சேர்த்தார்கள், பிரித்தார்கள். எங்கள் கோப்புக்கு இரண்டும் தனித்தனியாக இருப்பதுதான் நல்லது. நீங்களும் கடைக்காரரிடம் கம்ப்யூட்டர் விலை கேட்கும்போதே இரண்டாவது டிஸ்கின் விலையையும் சேர்த்துக் கேளுங்கள்.