தொப்புள்கொடி சொன்ன சாட்சி

குழந்தையோட தொப்புள்கொடியைத் தாயத்துக்குள் வைத்துக் கட்டுற பழக்கம் நம்ம வீடுகளில் இருக்கு இல்லையா? ஜப்பானில் அதைக் காயவைத்து, சின்ன மரப்பெட்டியில் பத்திரப்படுத்துவாங்க. அந்தப் பெட்டிகள் சாட்சி சொன்ன கதைதான் இன்றைக்கு.

இடம், கியூஷூ தீவில் இருக்கிற மினமாட்டா. அங்கே சிஸ்ஸோ கம்பெனி 1932 முதல் அசிட்டால்டிஹைடு தயாரித்தது. அதற்குப் பாதரசம்தான் வினையூக்கி. அதில் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறி, கழிவுநீரோடு கடலுக்குப் போனது.

கடல் எவ்வளவு பெரிசு, கரைஞ்சு போயிடும்னுதான் நமக்குத் தோணும். நடந்தது நேர் எதிர். மிதவை உயிரிகளில் கொஞ்சம் சேர்ந்தது. அவற்றைத் தின்ற சிறுமீனில் அதைவிட அதிகம், பெரிய மீனில் இன்னும் அதிகம். இந்த நஞ்சு உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். அதனால ஒவ்வொரு படியிலும் கூடிக்கிட்டே போகும். கடைசிப் படியில் இருந்தது, பூனையும் மனிதனும். முதலில் பூனைகள் வலிப்பு வந்து செத்தன. 1956 மே 1-ல் மனிதர்களுக்கு வந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது.

பிறவியிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகளும் இருந்தாங்க. அது மூளைவாதம், வேற நோய்னு டாக்டர்கள் சொன்னாங்க. நச்சுக்கொடி நஞ்சை உள்ளே விடாது என்பது அன்றைய நம்பிக்கை. ஹரடா மசஸுமி என்ற இளம் மருத்துவர் ஒரு வீட்டில் அண்ணன் தம்பியைப் பார்த்தார். அண்ணனுக்கு மினமாட்டா நோய். தம்பிக்கு இல்லையாம், ஏன்னா அவன் மீனே சாப்பிட்டதில்லை. 'நான் சாப்பிட்டேனே' என்பதுதான் அம்மாவின் வாதம்.

அம்மா சொன்னதுதான் சரி. மெத்தில் பாதரசம் புரதத்தின் ஒரு துணுக்கோடு ஒட்டிக்கொள்ளும். அப்போ அது உடம்புக்குத் தேவையான சத்து மாதிரியே தெரியும். நச்சுக்கொடி கதவைத் திறந்துவிடும். 1962-ல் 16 குழந்தைகளின் நோய் அங்கீகரிக்கப்பட்டது. பிறகு ஹரடா வீடு வீடாகத் தொப்புள்கொடிகளைச் சேகரித்தார். ஆலையின் உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் பிறந்தவர்களின் கொடியில் பாதரசமும் ஏறியிருந்தது.

அரசாங்கம் ஆலைக் கழிவுதான் காரணம்னு ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். நோய் பதிவாகி 12 வருஷம் கழிச்சு. அந்த உற்பத்தி அதே வருஷம் மே மாதமே நின்றிருந்தது. 2013-ல் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கைக்கு மினமாட்டா பேரையே வெச்சாங்க.

எனக்கு மனசுல நிற்கிறது அந்த மரப்பெட்டிதான். பாசத்துக்காக எடுத்து வைத்தது, ஆதாரமாச்சு. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.