வால்டாக்ஸ் சாலை: கல்வெட்டு இல்லாதவர்களின் வரலாறு

சென்ட்ரல் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கமாக வெளியே வந்து வடக்கே திரும்பினால் வால்டாக்ஸ் சாலை. பலகையில் வ.உ.சி. சாலை என்று இருக்கும். ஆட்டோக்காரரிடம் வ.உ.சி. சாலை என்று சொல்லிப் பாருங்கள், "அது எங்கப்பா?" என்பார். வால்டாக்ஸ் ரோடு என்றால்தான் வண்டி கிளம்பும். ஒரு பக்கம் ரயில்வே சுவர், மறுபக்கம் லாரி புக்கிங் ஆபீஸ்கள், பார்சல் மூட்டைகள், லாட்ஜுகள், டீக்கடைகள். இவற்றுக்கு இடையில், பிளாட்பாரத்தில், தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்கள்.

சென்னையின் பாரம்பரியக் கட்டடங்கள் பற்றி எழுதுகிறவர்கள் இந்தச் சாலையைச் சீக்கிரம் கடந்துவிடுவார்கள். சென்ட்ரலின் மணிக்கூண்டுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், வால்டாக்ஸ் சாலைக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். தோழர்களே, நம் வரலாற்றைத் தேடுகிறவர்கள் அந்த மணிக்கூண்டுக்கு முதுகைக் காட்டி இந்தச் சாலையில் நடக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை.

பெயரிலிருந்தே தொடங்குவோம். இங்கே ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவருக்காக ஒரு வரி போட நினைத்தார்கள். 1758-59இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரத்தின் எல்லை வரை வந்து போனது. பயந்துபோன கம்பெனி அரசு, கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்ப முடிவு செய்தது. 1769 வாக்கில் தொடங்கி சில ஆண்டுகளில் மதில் எழுந்தது. ஒப்பந்தம் எடுத்தவர் பால் பென்ஃபீல்ட். செலவை உள்ளே குடியிருப்பவர்களிடம் வரியாக வாங்குவதாகத் திட்டம். ஆனால் அந்த வரி வசூலாகவே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதிலையும் இடித்தார்கள். மதிலும் இல்லை, வரியும் இல்லை, பெயர் மட்டும் 250 ஆண்டுகளாக மக்கள் வாயில் வாழ்கிறது.

மதிலின் மேற்குப் பக்கம் ஏறக்குறைய இந்தச் சாலையை ஒட்டி ஓடியது. சாலையிலிருந்து கிளைக்கும் யானைக்கவுனி என்ற பெயரில் அது இன்னும் இருக்கிறது. கவுனி என்றால் நகர வாயில். சாலையின் வடகோடியில் மூலக்கொத்தளம் வருகிறது. கொத்தளம் என்றால் மதிலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காவல் மேடை. மதிலின் மூலையில் இருந்த கொத்தளம், மூலக்கொத்தளம் ஆனது. வடக்கு மதிலில் மிஞ்சிய துண்டு ஒன்று பழைய ஜெயில் ரோட்டில், மாடிப் பூங்கா என்ற பெயரில் நிற்கிறது. அதே சாலையில் இருந்த பழைய சிறைச்சாலையின் இடத்தில்தான் இன்று பாரதி மகளிர் கல்லூரி இயங்குகிறது. அந்தக் கல்லூரியில் படிக்கும் தோழர்கள் வகுப்பு முடிந்ததும் நடந்தே போய் மதிலைத் தொட்டுப் பார்க்கலாம்.

மதில் யாரைக் காக்க எழுந்தது? கறுப்பர் நகரம் வெள்ளையர் கோட்டைக்கு வெளியே இருந்தது. ஆனால் அதன் உள்ளேயும் சமத்துவம் இல்லை. முத்தியால்பேட்டை இடங்கைச் சாதிகளுக்கு, பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைச் சாதிகளுக்கு என்று பிரித்திருந்தார்கள். 1707-08இல் இரு பிரிவும் மோதிக்கொண்டபோது ஆளுநர் தாமஸ் பிட் அந்தத் தெருப் பிரிவினையைக் கெட்டிப்படுத்தினார். கம்பெனி சாதியை ஒழிக்கவில்லை, அதற்கு எல்லைக்கல் நட்டது. பறையர்கள் வலங்கைப் பக்கம் நின்றவர்கள். கம்பெனிக்குப் படைவீரர்களாகவும் சுமை தூக்குகிறவர்களாகவும் வீட்டு வேலையாட்களாகவும் இருந்தவர்கள். ஆங்கிலேயர் ஆவணங்களில் கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதிக்கே 'பெரிய பறச்சேரி' என்று பெயர். ஆக, சென்னை வளர்ந்த பிறகு வேலை தேடி வந்து ஒட்டிக்கொண்டவர்கள் அல்ல நாம். நகரம் உருவானபோதே உள்ளே இருந்தவர்கள். 1906இல் கறுப்பர் நகரம் ஜார்ஜ் டவுன் ஆனது. வரைபடத்தில் பெயரை மாற்றுவது எளிது, சேரியைத் தள்ளி வைத்த மனம் மாறவில்லை.

1873இல் சென்ட்ரல் நிலையம் வந்தது. அதை ஒட்டிய சரக்கு முனையத்துக்கு சால்ட் கொட்டார்ஸ் என்று பெயர். உப்பு வைத்த கொட்டாரம் இங்கிலீஷ்காரர் வாயில் அப்படி ஆனது. சரக்கு வந்தால் இறக்க ஆள் வேண்டும். பக்கத்திலேயே கொத்தவால்சாவடி மார்க்கெட். நடுராத்திரியில் மூட்டை இறக்கி, விடிவதற்குள் கடைகளில் சேர்க்க வேண்டும். அந்த நேரத்துக்கு வேலைக்கு வர வேண்டிய ஆள் பத்து மைல் தூரத்தில் குடியிருக்க முடியாது. கூலியோ வாடகை கொடுக்கும் அளவுக்கு இல்லை. பிளாட்பாரம் வீடானது இப்படித்தான். சோம்பேறித்தனத்தாலோ ஆக்கிரமிப்பு ஆசையாலோ அல்ல. நகரத்துக்கு அவர்கள் உழைப்பு வேண்டியிருந்தது, அவர்களுக்கு இடம் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை.

1996இல் கொத்தவால்சாவடியின் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. வியாபாரிகளுக்கு அங்கே கடை ஒதுக்கினார்கள். மூட்டை தூக்கியவர்களுக்கு என்ன ஒதுக்கினார்கள் என்று இந்தச் சாலையில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

இந்தச் சாலையில் ஒரு நாடகக் கொட்டகை இருந்தது. ஒற்றைவாடை தியேட்டர். இன்று அந்தப் பெயரில் கொட்டகை இல்லை. அங்கே 1938 நவம்பர் 13 அன்று தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. கட்டாய இந்திக்கு எதிரான போராட்டம் சூடாக நடந்த நேரம். மறைமலை அடிகளின் மகள் நீலாம்பிகை தலைமை தாங்கினார். ஈ.வெ.ராவை இனி 'பெரியார்' என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது அந்த மாநாடுதான். இது எல்லோருக்கும் தெரியும், மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அந்த மாநாட்டில் கொடி ஏற்றியவர் யார்? அன்னை மீனாம்பாள் சிவராஜ். 1904இல் ரங்கூனில் பிறந்து, சென்னைக்கு வந்து, பின்னாளில் பாபாசாகேப் அம்பேத்கரின் செட்யூல்டு காஸ்ட் ஃபெடரேஷன் மேடைகளில் முன்நின்ற தலித் தலைவர். இதை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்?

மறுநாள் பெண்கள் மறியலுக்குப் போனார்கள். இடம், பக்கத்தில் தங்கசாலைத் தெருவில் இருந்த இந்து தியாலஜிகல் பள்ளி. டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் ஆகியோர் கைதானார்கள். கைக்குழந்தையோடு சிறைக்குப் போனவர்களும் உண்டு. மாநாட்டில் பேசிய பேச்சுக்காகப் பெரியார் மீது வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள்.

இனி வடக்கே நடந்து மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு வருவோம். அதே இந்தி எதிர்ப்பில் 1938 டிசம்பரில் சிறைக்குப் போன இளைஞர் நடராசன். தலித். சிறையில் உடல்நலம் கெட்டது. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றார்கள், அவர் எழுதவில்லை. 1939 ஜனவரி 15 அன்று, வால்டாக்ஸ் சாலையின் தென்முனைக்கு எதிரே இருக்கும் பொது மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. இரண்டு மாதத்தில் கும்பகோணத்துத் தாளமுத்துவும் இறந்தார். இருவரையும் அடக்கம் செய்தது மூலக்கொத்தளத்தில். எழும்பூரில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இருக்கும் கட்டடத்துக்குத் தாளமுத்து நடராசன் மாளிகை என்று பெயர். இந்த ஊரில் எங்கே கட்டடம் எழலாம், எங்கே கூடாது என்று தீர்மானிக்கும் அலுவலகத்தின் வாசலில் ஒரு தலித் இளைஞரின் பெயர் இருக்கிறது. உள்ளே தீட்டும் திட்டங்களில் அவருடைய மக்களுக்கு எந்த இடம்?

சில ஆண்டுகளுக்கு முன் இந்தச் சுடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டத் திட்டம் வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. மொழிப்போர் ஈகியரின் நினைவிடம் என்ன ஆகும் என்று கேட்டார்கள். சரியான கேள்வி. கூடவே இன்னொன்றையும் கேட்டிருக்க வேண்டும். ஏழைக்கு வீடு கட்ட நிலம் தேடும்போது மட்டும் ஏன் அரசின் கண்ணுக்குச் சுடுகாடும் சதுப்பு நிலமும் தெரிகிறது? நினைவிடம் வேண்டுமா வீடு வேண்டுமா என்று நம்மிடம் மட்டும்தான் கேட்கிறார்கள். வேறு யாரிடமும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்வதில்லை.

ஒரு மாலை நேரம் மாணவத் தோழர்கள் சிலரோடு இந்தச் சாலையில் நடந்தோம். யானைக்கவுனிக்குக் கொஞ்சம் முன்னால், ரயில்வே சுவரில் தார்ப்பாய் கட்டி, அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பாட்டி ஒருவரிடம் உட்கார்ந்தோம். எவ்வளவு காலமாக இங்கே என்று கேட்டோம்.

"எங்க ஆயா இங்கதான் இருந்துச்சு. எங்கம்மா இங்கதான் பொறந்துச்சு. நானும் இங்கதான். எம் பொண்ண இங்கேர்ந்துதான் கட்டிக் குடுத்தேன். ஆனா எங்க போனாலும் உனக்கு அட்ரஸ் இல்லம்மான்றாங்க."

பழைய கட்டடம் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்றோம். மூர் மார்க்கெட் எரிந்த நாளைச் சொன்னார். "அன்னிக்கு ராத்திரி வானமே செவந்துபோச்சு கண்ணு. எங்கம்மா அங்கதான் பெருக்கிக்கினு இருந்துச்சு. மறாநாள்லேர்ந்து வேல இல்ல." 1985 மே மாதம் அது. 1900இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் போனதைப் பற்றி எத்தனையோ பேர் ஏங்கி எழுதியிருக்கிறார்கள். பழைய புத்தகக் கடைகளை நினைத்து உருகியிருக்கிறார்கள். மறுநாள் வேலை இல்லாமல் போன பெண்ணைப் பற்றி நாங்கள் கேட்டது அன்றுதான் முதல்முறை.

எழுந்து வரும்போது ஒரு தோழர், "பாட்டி சொல்றதுக்கு ஆதாரம் என்ன தோழர்?" என்று கேட்டார். கோபப்பட வேண்டிய கேள்வி அல்ல. அதிகாரியும் இதையேதான் கேட்பார். நகரத்தில் சொத்து இருந்தவனுக்குப் பத்திரம் இருக்கிறது, வரி ரசீது இருக்கிறது. அன்று அந்த மதில் வரி வசூலாகியிருந்தால்கூடப் பட்டியலில் வீட்டுக்காரர்கள் பெயர்தான் இருந்திருக்கும். வீடே இல்லாதவர் வரலாற்றிலும் இல்லாதவர் ஆகிறார். இல்லாதவர் என்று ஆக்கிவிட்டால் அப்புறப்படுத்துவது சுலபம்.

இது வெறும் பேச்சல்ல. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தபோது, இருக்கும் இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவதே அதன் பெரும் வாக்குறுதியாக இருந்தது. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது வழக்கமானது. 2021இல் வாரியத்தின் பெயரில் இருந்த 'குடிசை' போய் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாடு' வந்தது. வால்டாக்ஸ் சாலையில் விடிகாலை நான்கு மணிக்கு மூட்டை இறக்குகிறவரைப் பெரும்பாக்கத்தில் குடிவைத்தால், அவருக்குக் கிடைப்பது வீடு, போவது பிழைப்பும் பிள்ளைகளின் பள்ளியும். ஒவ்வொரு முறையும் முதலில் கேட்பது இதுதான்: எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறாய், காட்டு.

அதனால் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். ஆதாரம் இருக்கிறது, ஆனால் சிதறிக் கிடக்கிறது. தாய் பிரசவித்த அரசு மருத்துவமனைச் சீட்டு. பிள்ளை படித்த மாநகராட்சிப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ். பழைய வாக்காளர் பட்டியல். போலீஸ் போட்ட பெட்டி கேஸ் ரசீது, ஆமாம், நம்மைத் துரத்தப் போட்ட வழக்கே நாம் இங்கே இருந்ததற்குச் சாட்சி. மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்த ரசீது. இவற்றை ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு உறையில் சேர்த்து, நகல் எடுத்து, அவர்கள் கையிலேயே மூலத்தைக் கொடுத்துவிட வேண்டும். வாங்கிக்கொண்டு காணாமல் போகிற படித்தவர்களை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

லட்சம் பேருக்கு ஒரு இரவு பகல் தங்குமிடம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நம் மண்டலத்தில் எத்தனை இருக்கிறது, குடும்பமாகத் தங்க அனுமதி உண்டா, இரவு வேலைக்குப் போகிறவர் பகலில் படுக்க முடியுமா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பெரியவர்கள் பேசுவதைச் செல்போனில் பதிவு செய்யுங்கள், அனுமதி கேட்டு. எந்த வருடம் என்று கேட்டால் சொல்ல வராது. மூர் மார்க்கெட் எரிந்ததற்கு முன்னாலா பின்னாலா, மார்க்கெட் கோயம்பேடு போனதற்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள், மளமளவென்று வரும். அந்தக் கட்டடங்கள் நமக்குச் சொந்தமாக இருந்ததில்லை. ஆனால் நம் காலத்தை அளக்க அவை உதவும்.

அன்று கிளம்பும்போது பாட்டி ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். உள்ளே, மடிப்பில் கிழிந்துபோன ஒரு மருத்துவமனைச் சீட்டு. மகள் பிறந்த சீட்டு. முகவரி என்ற இடத்தில் யாரோ ஒரு ஊழியர் தமிழில் எழுதியிருந்தார்: வால்டாக்ஸ் ரோடு பிளாட்பாரம்.

அந்தச் சீட்டை நகல் எடுத்து வைத்திருக்கிறோம். மூலம் பாட்டியிடமே இருக்கிறது.