ஆவியின் வரங்களும் அருளப்பன் கண்ட எழுப்புதலும்

வாலாஜாபேட்டை, ஆம்பூர் வட்டாரச் சபைகளில் பணிபுரியும் ஆயரிடம், அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் குணமாக்கும் வரமும் இன்றும் உண்டோ என்று விசுவாசிகள் வினவுவதுண்டு. அவை அப்போஸ்தலரோடு ஓய்ந்துவிட்டன என்பர் சிலர்; 1906இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரிலிருந்து பரவிய புதுமை என்பர் வேறு சிலர். தமிழ்த் திருச்சபையின் வரலாறு இவ்விரு விடைகளுக்கும் எளிதில் இடங்கொடுப்பதில்லை.

முதல் விடை இப்பகுதியில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. 1853இல் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையார் நிறுவிய ஆற்காட்டு மிஷனின் நிலையங்களுள் வாலாஜாபேட்டையும் ஒன்று. அவர்கள் கால்வினின் மரபினர். குணமாக்கும் வரம் மறைந்துபோயிற்று என்று கால்வின் எழுதியது மெய்யே. எனினும் ரோமச் சபையின் அவஸ்தைப் பூசுதலை மறுக்கும் இடத்திலேயே அவர் அவ்வாறு எழுதினார் என்பதை நம்மவர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். அவருக்கு முன்னோடியான அகுஸ்தீனோ, ஏறத்தாழ 390இல் அற்புதங்கள் நீடிக்க விடப்படவில்லை என்று எழுதியவர். முதுமையில் 'கடவுளின் நகரம்' 22ஆம் புத்தகத்தில், ஹிப்போவில் இரண்டாண்டுகளுக்குள் ஏறத்தாழ எழுபது அற்புதங்கள் எழுத்தில் பதிவாயின என்று கூறுகிறார். ஒரே ஆசிரியரின் இரு கூற்றுகளில் பிந்தியதை விட்டு முந்தியதை மட்டும் மேற்கோள் காட்டுதல் நேர்மையன்று.

இரண்டாம் விடைக்குத் தெற்கே மறுமொழி கிடைக்கிறது. ரேனியஸிடம் கற்று, அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் நட்பால் ஊதியமின்றி ஊழியஞ்செய்யத் துணிந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867), 1840இல் வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார். 1860இல் அங்கே எழுப்புதல் உண்டாயிற்று. பாவ உணர்வினால் அழுதவர்களும், அந்நியபாஷை பேசியவர்களும், அதற்கு வியாக்கியானஞ் சொன்னவர்களும் இருந்தனர். பெண்களும் தீர்க்கதரிசனம் உரைத்தனர். லாஸ் ஏஞ்சலீஸுக்கு 46 ஆண்டுகள் முந்தியது இது! சி.எம்.எஸ். மிஷனெரியான ஆஷ்டன் டிப், அந்நியர் கையின்றி இந்நாட்டுச் சபைக்குள்ளேயே எழுந்த இயக்கம் என்பதைக் கண்டு அதனை வரவேற்றார். உடல் நடுக்கத்தையும் தரிசனங்களையும் ஐயுற்ற மிஷனெரிமாரும் இருந்தனர். அவர்கள் ஐயத்தை அவிசுவாசம் என்று தள்ளிவிடலாகாது.

ஏனெனில் 1873க்குப்பின் திருவிதாங்கூரில் எழுந்த எழுப்புதலில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான யுஸ்தூஸ் யோசேப்பு முன்னின்றார். அவருடைய கூட்டத்தார், 1881இல் ஆண்டவர் வருவார் என்னும் தீர்க்கதரிசனத்தை நம்பித் தனியே பிரிந்தனர்; பின்னர் 'யுயோமயம்' என்று பெயர்பெற்றனர். ஞாயிறு ஆராதனையில் ஒருவர் எழுந்து வெளிப்பாடு உரைக்கையில், ஓய்ந்துபோன வரம் என்று வாயடைக்கும் ஆயரும், ஆராயாமல் ஆமென் சொல்லும் ஆயரும் தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் பாதியளவே வாசிக்கின்றனர். திருவிதாங்கூரில் அவ்வாசிப்புக்கு விலை கொடுத்தவர்கள் சாதாரண விசுவாசிகளே. குறித்த ஆண்டு கடந்தபின், அவர்களுள் பலர் தாம் விட்டுவந்த சபைகளுக்கே திரும்பிச் சென்றனர்.