ரேகையும் மானமும்

தங்கவயல் வாழ் தமிழ்ப் பெருமக்கள், நம் முன்னோர் வெட்டியெடுத்த பொன்னின் கதையை நன்கறிவர். அவர்கள் காத்து நின்ற மானத்தின் கதையோ அத்துணைப் பரவலாகப் பேசப்படுவதில்லை. சங்கம் ஆண்டு விழாக் காணும் இந்நன்னாளில் அதனை நினைவு கூர்தல் நம் கடன் எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

1880ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்து ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து, வறுமையும் தீண்டாமையும் துரத்த, நம் முன்னோர் வந்து சேர்ந்தனர். வெள்ளையர்க்குப் பங்களாவும் கிளப்பும் அமைந்தன. நம்மவர்க்கு வாய்த்தவை லைன்களில் நெருங்கி நின்ற தட்டி வீடுகளே. பூமியின் வயிற்றுள் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவன், மேலேறி வந்ததும் திருடனோ என ஐயுறப்பட்டுச் சோதனைக்கு நின்றான்.

இவற்றையெல்லாம் பொறுத்த தொழிலாளர் 1930ஆம் ஆண்டில் ஒன்றைப் பொறுக்க மறுத்தனர். வேலையாட்களின் விரல் ரேகையைப் பதிந்து கொள்ளும் புதிய முறையொன்றைச் சுரங்க நிருவாகம் புகுத்த முற்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைக்கு இறங்க மறுத்தனர். வேலைநிறுத்தம் ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்தது. அன்று அவர்களுக்குத் தொழிற்சங்கம் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1926இலேயே தொழிற்சங்கச் சட்டம் வந்துவிட்டது. மைசூர் சமஸ்தானத்துத் தொழிலாளிக்கோ அவ்வுரிமை 1940களில்தான் கிட்டியது. எல்லைக்கு அப்பால் உரிமை, இப்பால் வெறுங்கை! சங்கமின்றியும் அவர்கள் ஒன்றுபட்டனர் என்பதே வியப்பு.

மையில் விரலைத் தோய்த்துத் தாளில் ஒற்றுவது அத்துணை இழிவோ என இளைஞர் வினவலாம். விடை காணத் தமிழர் சென்ற பிற இடங்களையும் நோக்குதல் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலும் நம் ஊர் போன்றே பொன் விளையும் நாடு. அங்கு வாழ்ந்த இந்தியரும் பிற ஆசியரும் எட்டு வயதைக் கடந்த பிள்ளைகள் உட்படப் பெயரைப் பதிந்து ரேகை தரவேண்டும் என்ற சட்டம் 1906இல் வரையப்பட்டது. 1907இல் டிரான்ஸ்வால் சட்டமன்றம் அதனை ஒரே நாளில் நிறைவேற்றியது. அம்மன்றத்தில் இந்தியர்க்கு இடமுமில்லை, வாக்குமில்லை. ஐரோப்பியர்க்கு இச்சட்டமும் இல்லை. காந்தியடிகளின் தலைமையில் எழுந்த அறப்போரில் தம்பி நாயுடு முதலிய தமிழர் மீண்டும் மீண்டும் சிறை புகுந்தனர். இளைஞர் நாகப்பன் 1909இல் உயிர் நீத்தார். மூன்று பவுன் தலைவரி முதலிய கொடுமைகளை எதிர்த்து 1913இல் போர் மூண்டபோது நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914இல், பதினாறே வயதில், மறைந்தார்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். 1908இன் தொடக்கத்தில் அரசுடன் உடன்பாடு ஏற்பட்டபோது, சட்டத்தின் கட்டாயமின்றித் தாமே விரும்பி ரேகை தரக் காந்தியடிகள் இசைந்தார். சட்டம் நீக்கப்படாமற் போகவே, அதே ஆண்டு ஆகஸ்டில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகள் ஜோகனஸ்பர்க்கில் எரிக்கப்பட்டன. விரும்பித் தந்த ரேகை வேறு. இனம் பார்த்து வெருட்டி வாங்கிய ரேகை வேறு.

கடல் கடந்து செல்ல வேண்டுவதுமில்லை. பிறப்பினாலேயே ஒரு கூட்டத்தாரைக் குற்றவாளிகள் என முத்திரையிட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் பிறந்து, 1911இல் சென்னை மாகாணத்திற்கும் நீட்டிக்கப்பட்டது. மதுரைச் சீமையில் உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிகள் முழங்கின. மாயக்காள் என்னும் பெண்மணி உட்படப் பதினாறு பேர் மாண்டனர். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் ஒழிந்தது.

பத்தாண்டுகளுக்குப் பின் தங்கவயலில் எழுந்த மறுப்பும் அவ்வழி வந்ததே. கூலியைக் குறைத்தால் வயிறு நோகும். குற்றம் செய்யாதவன் விரலைக் குற்றவாளியின் விரலாக்கினால் மனிதனே குறைந்து போவான். வள்ளுவப் பெருந்தகை மானத்திற்குத் தனி அதிகாரம் வகுத்தார். எழுத்தறியா நம் பாட்டனார் அதனைத் தம் வாழ்வில் எழுதிக் காட்டினர்.

இன்று காலம் மாறியுள்ளது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, சட்டத்தின் முன் யாவரும் சமம் என 14ஆம் பிரிவில் உறுதி கூறுகிறது. 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடவும் பட்டன. நியாயவிலைக் கடையில் அரிசி வாங்க நாமும் விரல் பதிக்கின்றோம். அதனை இழிவென எவரும் எண்ணுவதில்லை. குலமோ நிறமோ பார்த்து அது கேட்கப்படுவதில்லை அன்றோ? நாளை எந்தச் சட்டம் வரினும், அது அனைவர்க்கும் பொதுவா, ஒரு கூட்டத்தாரை மட்டும் ஐயுறுகின்றதா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. அவ்வுரிமையை 1930இலேயே கேட்டுப் பெற நின்றவர்களின் பேரப் பிள்ளைகள் நாம்.

சயனைட் மண்மேடுகளைக் காட்டிப் பொன்னின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோரே! அம்மூன்று வாரத்தின் கதையையும் உடன் சொல்லுங்கள். பொன் பிறர் கைக்குப் போயிற்று. மானம் நம் வீட்டுச் சொத்தாக நின்று நிலவட்டும்!